டொமைன் பெயரில் ஹைபன் இருந்தால் கூகுளில் பின்னுக்குப் போய்விடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளம் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது டொமைனில்தான், அதாவது தளத்தின் முகவரிப் பெயரில். ஆசைப்பட்ட பெயர் டாட் காமில் யாரிடமோ இருக்கும். நடுவில் ஒரு சின்னக் கோடு (ஹைபன்) போட்டுப் பார்த்தால் அதே பெயர் காலியாக இருக்கும். வாங்கலாமா, வாங்கினால் தேடலில் அடி விழுமா என்ற சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. இதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளையும், நானே பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஹைபன் இருந்தால் ரேங்க் இறங்குமா?

இறங்காது. ஏறவும் ஏறாது.

கூகுள் தன் எஸ்இஓ (தேடலில் தளம் நன்றாகத் தெரியச் செய்யும் வேலை) தொடக்க வழிகாட்டியில் இதைவிடப் பெரிய விஷயத்தையே ஒதுக்கித் தள்ளுகிறது. டொமைன் பெயரிலோ யூஆர்எல் பாதையிலோ (முகவரியில் டொமைனுக்குப் பின் வரும் பகுதி) தேடல் சொற்கள் இருப்பதால் மட்டும் தரவரிசையில் ஏறக்குறைய எந்த விளைவும் இல்லை, தேடல் முடிவின் மேலே வரும் வழிகாட்டு வரியில் அவை தெரியும், அவ்வளவுதான் என்கிறது. சொல்லுக்கே அந்த மதிப்பு என்றால், இரண்டு சொல்லுக்கு நடுவில் நிற்கும் கோட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

அப்படியானால் 'ஹைபன் டொமைன் ஆகாது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

வெறும் வதந்தி இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

2000களில், மக்கள் தேடும் சொற்றொடரையே டொமைனாக வைத்தால் நல்ல பலன் கிடைத்தது. பெயரில் சொல் இருந்தது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. உங்கள் தளத்துக்கு யாராவது லிங்க் கொடுத்தால், பெரும்பாலும் தளத்தின் பெயரையே லிங்கின் எழுத்தாகப் போடுவார்கள். 'ஆங்கர் டெக்ஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். தளத்தின் பெயரே தேடல் சொல்லாக இருந்தால், வருகிற ஒவ்வொரு லிங்கும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வரும். கேட்காமலே கிடைக்கும் பிரசாரம் அது. கோடு போட்டுப் பிரித்து வைத்தால் சொற்கள் தனித்தனியாக நிற்கும், தேடுபொறிக்கு இன்னும் எளிது என்றும் கணக்குப் போட்டார்கள்.

அப்புறம் என்ன, ஒரே ஆள் நூற்றுக்கணக்கான டொமைன்களை வாங்கிக் குவிக்கத் தொடங்கினார். கோடு இல்லாத நல்ல பெயர்கள் தீர்ந்ததும் ஒரு கோடு, இரண்டு கோடு, நான்கு கோடு என்று போனது. 'மலிவு-விலை-காலணி-ஆன்லைன்-வாங்க' என்கிற மாதிரிப் பெயர்கள். உள்ளே போனால் நாலு வரி எழுத்து, நாற்பது விளம்பரம்.

2012 செப்டம்பர் கடைசியில் கூகுள் இதன் மேல் கை வைத்தது. அப்போது அங்கே வலை ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் குப்பைத் தளங்கள்) தடுப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மேட் கட்ஸ் அதை ட்விட்டரில் அறிவித்தார். தேடல் சொல்லையே பெயராக வைத்திருக்கும் தரமற்ற தளங்கள் முடிவுகளில் குறைக்கப்படும், அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தில் இது கண்ணுக்குத் தெரியும் என்றார். 2014ல் பிங் தேடுபொறியும் யூஆர்எல்லில் சொற்களைத் திணிக்கும் தளங்களுக்கு எதிராக வடிகட்டி கொண்டுவந்ததாக அறிவித்தது. டொமைன் பெயரில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பது அது பார்த்த அடையாளங்களில் ஒன்று. உள்ளடக்கத்தின் தரமும் சேர்ந்தே கணக்கில் வந்தது.

இந்த இரண்டிலும் குறி தரமற்ற தளங்கள்தான். ஆனால் அடிபட்டவற்றில் கோடு போட்ட பெயர்கள் நிறைய இருந்ததால், கோடுதான் குற்றவாளி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. திருடன் சட்டை நிறத்தைப் பார்த்து அந்த நிறத்தில் சட்டை போட்டவர்களை எல்லாம் சந்தேகப்படுகிற கதை.

கோடு போட்டால்தான் சொற்கள் பிரிந்து கூகுளுக்குப் புரியும் என்கிறார்களே?

இன்றைய தேடுபொறிகள் சேர்த்து எழுதிய பெயரையும் தாமாகவே பிரித்துப் படித்துவிடும். எழுத்து விடுபட்டாலும் இடைவெளி இல்லாமல் தட்டினாலும் நீங்கள் தேடியது கிடைக்கிறது, இல்லையா? அந்தத் திறமை டொமைன் பெயரில் மட்டும் காணாமல் போய்விடாது.

சிக்கல் மனிதர்களுக்குத்தான். பள்ளியில் பொதுமொழி என்று படித்திருப்போம். 'பலகை' என்றால் மரப்பலகை, பிரித்தால் 'பல கை'. 'தாமரை' பூ, பிரித்தால் 'தா மரை'. டொமைனில் இடைவெளி விட முடியாது என்பதால் இந்த விளையாட்டு அங்கேயும் நடக்கும், அதுவும் ஆங்கில எழுத்தில் எழுதும்போது இன்னும் மோசமாக. இதற்குப் பேர்போன உதாரணம் எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற தொழில்நுட்பக் கேள்வி பதில் தளம். ஆரம்பத்தில் பெயரைச் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அதை 'எக்ஸ்பர்ட் செக்ஸ் சேஞ்ச்' என்று வாசித்துச் சிரித்தவர்கள் பலர். பிறகு நடுவில் ஒரு ஹைபன் வந்தது.

ஆக, உங்கள் பெயரைச் சேர்த்து எழுதினால் தப்பான அர்த்தம் வருமானால் ஹைபன் போடுங்கள். தயங்கவே வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் பெயரைச் சின்ன எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி, சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் உதடு லேசாகத் துடித்தால் பெயரை மாற்றுங்கள்.

ஆனால் கூகுளே யூஆர்எல்லில் ஹைபன் போடச் சொல்கிறதே?

சொல்கிறது. அது வேறு இடம், இது வேறு இடம்.

டொமைனுக்குப் பிறகு சாய்கோடு போட்டு வரும் பகுதி பாதை. ஒரு கட்டுரையின் முகவரியில் பல சொற்கள் வரும். அவற்றைப் பிரிக்க ஹைபன் போடுங்கள், அண்டர்ஸ்கோர் (கீழ்க்கோடு) வேண்டாம் என்பது கூகுளின் பல வருட ஆலோசனை. பாதையை யாரும் வாயால் சொல்வதில்லை, மனப்பாடம் செய்வதில்லை, நகலெடுத்து ஒட்டுவதோடு சரி. அங்கே எத்தனை கோடு இருந்தாலும் யாருக்கும் தொல்லை இல்லை. டொமைன் அப்படி இல்லை. அதை வாயால் சொல்வார்கள், கேட்டுத் தட்டுவார்கள், மின்னஞ்சல் முகவரியில் ஒட்டிக்கொண்டு வரும்.

டொமைனில் அண்டர்ஸ்கோர் போடலாமா?

பதிவு செய்யவே முடியாது. கணினிப் பெயர்களுக்கான விதி 1985லேயே எழுத்து, எண், ஹைபன் இந்த மூன்றோடு நின்றுவிட்டது. மின்னஞ்சல் அமைப்புக்காக டிஎன்எஸ் (டொமைன் பெயர்களைக் கணினி முகவரிகளோடு இணைக்கும் அமைப்பு) பதிவுகளில் அண்டர்ஸ்கோரோடு தொடங்கும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள், அவை தளத்தின் பெயர்கள் அல்ல.

எத்தனை ஹைபன் வரை போடலாம்?

தொழில்நுட்ப விதி தாராளமானது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் உள்ள பகுதி 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஹைபனில் தொடங்கவோ முடியவோ கூடாது. மூன்றாவது நான்காவது இடங்களில் சேர்ந்தாற்போல் இரண்டு ஹைபன் வரக்கூடாது, அந்த இடம் வேறு ஒரு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது (கீழே தமிழ் டொமைன் பற்றிய கேள்வியில் வருகிறது).

என் கணக்கு இதைவிடக் கறாரானது: ஒன்று. இரண்டாவது கோடு தேவைப்படுகிறது என்றால் பெயரே நீளம் என்று அர்த்தம். கோட்டை எண்ணுவதை விட்டுவிட்டுப் பெயரைச் சுருக்கப் பாருங்கள்.

ரேங்க் நேரடியாகப் பாதிக்காது, சரி. மறைமுகமாக?

இங்கேதான் உண்மையான செலவு இருக்கிறது.

முதலில் காது. தொலைபேசியில் உங்கள் தளத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'நடுவில் ஹைபன்' என்பீர்கள். 'அது என்னங்க?' என்பார்கள். 'மைனஸ் மாதிரி ஒரு கோடு' என்பீர்கள். 'கீழேயா, நடுவிலேயா?' என்று அடுத்த கேள்வி வரும். இத்தனையும் முடிந்து அவர் தட்டும்போது கோடு இல்லாமல்தான் தட்டுவார். அப்படித் தட்டினால் வந்து சேரும் இடம் உங்கள் தளம் இல்லை, அந்தப் பெயரின் சொந்தக்காரருடையது. அவர் உங்கள் போட்டியாளராக இருந்தால், நீங்கள் செய்யும் விளம்பரத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது.

அடுத்தது மின்னஞ்சல். இது பலருக்கும் தோன்றுவதே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. பல வருடங்களுக்கு முன் ஹைபன் வைத்த டொமைனில் ஒரு சின்னத் தளம் நடத்தினேன். பார்வையாளர் எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை, தேடலில் நன்றாகவே வந்தது. ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து கடிதம்: 'உங்களுக்கு வர வேண்டிய அஞ்சல்கள் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.' கோடு இல்லாத பெயர் அவருடையது. எந்த முகவரிக்கு எழுதினாலும் ஒரே பெட்டியில் விழுகிற மாதிரி அமைத்திருந்தார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். ஆனால் அதில் ஒரு ஒப்பந்தத்தின் வரைவும் இருந்தது. நல்ல மனிதராக இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மூன்றாவது சமூக ஊடகப் பெயர். எக்ஸ் தளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் பயனர் பெயரில் ஹைபன் போட முடியாது. யூடியூபில் முடியும். ஹேஷ்டேக்கில் கோடு வந்தால் டேக் அங்கேயே அறுந்துவிடும். அதனால் தளம் ஒரு பெயரிலும் கணக்குகள் வேறு பெயரிலும் நிற்கும்.

இவற்றுக்கும் தேடலுக்கும் என்ன தொடர்பு? மக்கள் உங்கள் பெயரையே தேடலில் தட்டுவதும், பிறர் தாமாக லிங்க் கொடுப்பதும்தான் ஒரு தளத்துக்கு நீண்ட கால பலம். பெயர் வாயில் நிற்காமல் போனால் அந்த ஓட்டம் மெலியும். தப்பாகத் தட்டிய லிங்க் அடுத்தவர் கணக்கில் சேரும். கூகுளுக்கு இதில் ஒரு கோபமும் இல்லை. வர வேண்டிய லிங்குகள் வராமல் போகின்றன, அவ்வளவுதான்.

ஹைபன் பெயரைப் பார்த்தால் மோசடித் தளம் என்று நினைத்துவிடுவார்களா?

சிலர் நினைக்கத்தான் செய்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு வங்கியின் பெயர், ஒரு கோடு, 'லாகின்', இன்னொரு கோடு, 'செக்யூர்' என்று கோத்துப் பெயர் வாங்குவது மோசடிக்காரர்களின் பழைய வித்தை. நடுவில் ஒரு கோடு இருக்கும் சாதாரணப் பெயருக்கு இந்தச் சந்தேகம் அவ்வளவாக வராது. 'பாதுகாப்பு', 'உண்மையான', 'அதிகாரபூர்வ' போன்ற சொற்களை ஹைபனோடு ஒட்டினால் கண்டிப்பாக வரும். உண்மையானவர் யாரும் தன்னை உண்மையானவர் என்று பெயரிலேயே எழுதி வைப்பதில்லை.

2022 முதல் கைபேசித் தேடலிலும் அதற்குப் பிறகு கணினியிலும் கூகுள் டொமைனுக்கு மேலே தளத்தின் பெயரைத் தனியாகக் காட்டுகிறது. முகப்புப் பக்கத்தில் தளப் பெயரை ஸ்கீமா குறியீட்டோடு (தேடுபொறிக்காகப் பக்கத்தின் நிரலில் எழுதும் குறிப்பு) சரியாகக் குறித்து வைத்தால் முடிவுகளில் பெயர் கோடில்லாமல் அழகாக வர வாய்ப்பு உண்டு.

ஹைபன் இல்லாத பெயர் வேறொருவரிடம் இருக்கிறது. நான் ஹைபனோடு வாங்கினால் தப்பா?

முதலில் அங்கே யார் இருக்கிறார் என்று பாருங்கள். பெயரை மட்டும் வாங்கி, தளம் எதுவும் இல்லாமல் நிறுத்தி வைத்த பக்கமா, கைவிட்ட வலைப்பதிவா, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத துறையா? வாங்கலாம், மேலே சொன்ன காது, அஞ்சல் தொல்லைகளுக்குத் தயாராக இருந்தால்.

அதே துறையில் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனமா? விட்டுவிடுங்கள். அவர்களிடம் வணிகமுத்திரை இருந்தால் கோடு உங்களைக் காப்பாற்றாது. டொமைன் பெயர்த் தகராறுகளுக்காக, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999ல் கொண்டுவந்த யூடிஆர்பி நடைமுறையில், முத்திரைப் பெயரில் ஹைபனைச் சேர்ப்பதோ எடுப்பதோ பெயரை வேறுபடுத்திக் காட்டாது என்பது நடுவர்கள் பொதுவாக எடுக்கும் நிலை. கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்ததாக நிரூபணமானால் டொமைன் அவர்கள் கைக்குப் போய்விடும். நீங்கள் கட்டிய லிங்குகளும் கூடவே போகும்.

பெரிய நிறுவனங்கள் ஹைபன் வைத்திருக்கின்றனவே?

கோகோ-கோலா, மெர்சிடிஸ்-பென்ஸ், மெரியம்-வெப்ஸ்டர் அகராதி எல்லாம் கோட்டோடுதான் இருக்கின்றன. அவர்களுடைய பெயரிலேயே கோடு இருக்கிறது, அதனால் டொமைனிலும் இருக்கிறது. அவ்வளவு பேர் தெரிந்த பெயருக்கு 'நடுவில் கோடு' என்று விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜெர்மனியில் டாட் டிஇ டொமைன்களில் ஹைபன் சர்வ சாதாரணம், நீளமான கூட்டுச் சொற்களைப் பிரித்துக் காட்ட அங்கே அது உதவுகிறது. அங்கேயும் தேடல் சரியாகத்தான் நடக்கிறது. ஹைபனால் ரேங்க் விழும் என்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கோடு போட்ட டாட் காமா, கோடு இல்லாமல் டாட் இன், டாட் நெட் போன்ற வேறு முடிவா?

ரேங்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. டாட் காமுக்கு என்று கூகுளில் தனிச் சலுகை கிடையாது. நாட்டுக் குறியீடு உள்ள முடிவுகள் மட்டும் அந்த நாட்டுக்கான தளம் என்பதற்கு ஒரு வலுவான அடையாளமாகும். பெயர் சொல்ல எளிதாக இருக்க வேண்டும் என்றால் நான் கோடு இல்லாததையே எடுப்பேன். ஆனால் டாட் காம் என்று பழக்க தோஷத்தில் தட்டுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

இரண்டும் கிடைக்கிறது. இரண்டையும் வாங்க வேண்டுமா?

முடிந்தால் வாங்குங்கள். ஒன்றில் மட்டும் தளம் ஓடட்டும், மற்றதை 301 ரீடைரக்ட் (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லித் தானாகத் திருப்பும் ஏற்பாடு) போட்டு அங்கே திருப்பிவிடுங்கள். இரண்டிலும் ஒரே உள்ளடக்கத்தை ஏற்றி வைக்காதீர்கள். அதற்குத் தண்டனை என்று எதுவும் இல்லை, ஆனால் எதைக் காட்டுவது என்று கூகுள் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது நீங்கள் நினைத்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. திருப்பிவிட்ட பெயருக்கு வரும் மின்னஞ்சலையும் உங்கள் பெட்டிக்கே வரச் செய்துவிடுங்கள், என் கதை உங்களுக்கு வேண்டாம்.

ஐந்து வருடமாக ஹைபன் டொமைனில் இருக்கிறேன். இப்போது கோடு இல்லாத பெயர் கிடைக்கிறது. மாறலாமா?

ரேங்குக்காக என்றால் வேண்டாம். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துவது? மாறினால் சில வாரங்களுக்கு முடிவுகளில் ஏற்ற இறக்கம் இருக்கும். அதற்கு ஈடாகத் தேடலில் கிடைக்கப்போவது எதுவும் இல்லை.

பெயர் சொல்ல எளிதாக வேண்டும், அஞ்சல் தொல்லை தீர வேண்டும் என்றால் மாறலாம். ஒழுங்காகச் செய்யுங்கள். பழைய ஒவ்வொரு பக்கமும் புதிய தளத்தில் அதே பக்கத்துக்கு 301 வழியாகப் போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு, பல வருடங்கள் சேர்த்த லிங்குகள் ஒரே நாளில் வீணாகும். ரீடைரக்ட் போட்டால் லிங்கின் மதிப்பு குறையும் என்ற பயம் பழைய காலத்தது, குறைவதில்லை என்று 2016லேயே கூகுள் தரப்பில் சொல்லிவிட்டார்கள். உள் லிங்குகள், கேனானிக்கல் குறி (பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று சொல்வது), சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்) எல்லாம் புதிய பெயருக்கு மாற வேண்டும். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றம் தெரிவிக்கும் வசதி இருக்கிறது, அதையும் செய்யுங்கள்.

ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் சொல்வது, பழைய டொமைனைக் கைவிடவே கைவிடாதீர்கள். புதுப்பிக்க மறந்த மறுநாளே அதற்காகக் காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் பழைய நற்பெயரில் சூதாட்டத் தளம் ஓடுவதைப் பார்க்க நன்றாக இருக்காது.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கினால் அதில் ஹைபன் தானாக வருகிறதே?

டிஎன்எஸ் அமைப்புக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பெயரைப் 'ப்யூனிகோட்' என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றித்தான் அது வைத்துக்கொள்கிறது. அப்படி மாற்றிய பெயர் எப்போதும் எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி உடனே இரண்டு ஹைபன் வரும். மூன்றாம் நான்காம் இடத்தை ஒதுக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். நீங்களும் பெயருக்குள் ஒரு ஹைபன் போட்டிருந்தால், மாற்றிய வடிவில் நான்கு ஹைபன் வரிசையாக நிற்கும். பயந்துவிடாதீர்கள், ரேங்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சில செயலிகளில் லிங்கை ஒட்டும்போது இந்த மாற்றிய வடிவமே தெரியும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வைரஸ் லிங்க் மாதிரி இருக்கும்.

ஹைபன் பெயரை அச்சில் போடும்போது கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

இரண்டு. பெயர் வரியின் முடிவில் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டில் உடைந்தால் அது பெயரின் கோடா, வரி மடிந்ததற்காகப் போட்ட கோடா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. அப்புறம், எழுத்துச் செயலிகள் சில சமயம் ஹைபனை நீளக் கோடாக மாற்றிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் யூனிகோடில் அது வேறு எழுத்து, நகலெடுத்துத் தட்டினால் தளம் திறக்காமல் போகலாம். அச்சுக்கு அனுப்பும் முன் கோப்பிலிருந்து முகவரியை நகலெடுத்து ப்ரௌசரில் ஒட்டி ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.